மிடற்றில் தொடங்கும் இசை: பேட்ரிக் டாயிலின் திரைப்பணி

ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் தழுவி 1989இல் வெளிவந்த ‘ஹென்றி ஃபிஃப்த்’ படத்தில் பேட்ரிக் டாயிலின் பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. இசையமைப்பாளராக ஒருமுறை, நடிகர்கள் வரிசையில், கோர்ட் என்ற சாதாரணப் படைவீரனாக இன்னொருமுறை. அஜின்கோர்ட் போர் ஓய்ந்து, சேறும் பிணங்களுமாகக் கிடக்கும் களத்தில் ஒரு வீரன் தனிக்குரலில் ‘நான் நோபிஸ் டோமினே’ என்று ஒரு லத்தீன் துதிப்பாட்டை எடுக்கிறான். அந்தக் குரலும் டாயிலுடையது, மெட்டும் டாயிலுடையது. அடுத்த ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்குக் கேமரா வெட்டே இல்லாமல் களத்தோடு நகர்கிறது. படத்தை இயக்கி மன்னனாகவும் நடிக்கும் கென்னத் பிரானா, இறந்துபோன சிறுவனைத் தோளில் சுமந்தபடி நடக்கிறார். ஒரு குரலோடு இன்னும் சில குரல்கள் சேர்கின்றன, அது சேர்ந்திசையாகிறது, கடைசியில் முழு வாத்தியக்குழுவும் எழுந்து நிற்கிறது.

டாயிலின் திரை வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த நான்கு நிமிடத்தில் தொடங்குவதே சரி. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விருதுகளையும் பெரிய படங்களின் பெயர்களையும் அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் பாட்டிலிருந்தும் நடிப்பிலிருந்தும் பின்னணி இசைக்கு வந்தவர் என்பது அதில் அடிபட்டுப் போகிறது. நம் பழைய இசைநூல்கள் வாய்ப்பாட்டை ‘மிடற்றிசை’ என்று சொல்லும்; மிடறு என்றால் தொண்டை. டாயிலின் பெரிய வேலைகளில் பலவும் மிடற்றில்தான் பிறக்கின்றன. வாத்தியங்கள் பிறகுதான் வந்து சேர்கின்றன.

கிளாஸ்கோவை அடுத்த உடிங்ஸ்டனில் 1953 ஏப்ரல் 6 அன்று பிறந்தவர். கிளாஸ்கோவில் இருந்த ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி ஆஃப் மியூசிக் அண்ட் டிராமாவில் பியானோவும் குரலிசையும் படித்து 1974இல் வெளியே வந்தார். இன்று அந்தக் கல்லூரிக்கு ராயல் கன்சர்வேட்டோயர் ஆஃப் ஸ்காட்லாந்து என்று பெயர். இசையும் நாடகமும் ஒரே கூரையின்கீழ் இருந்த இடம் அது. படிப்பு முடிந்தபின் அவர் நடிகராகவும் வேலை பார்த்தார். 1981இல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் சிறு வேடம் ஒன்று உண்டு. 1987இல் பிரானாவும் டேவிட் பார்ஃபிட்டும் ரெனசான்ஸ் தியேட்டர் கம்பெனியைத் தொடங்கியபோது இசையமைப்பாளராகவும் இசை இயக்குநராகவும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

நாடக மேடை ஒரு இசையமைப்பாளருக்கு என்ன கற்றுத்தரும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மேடையில் எந்தக் காட்சியும் இரண்டு இரவுகள் ஒரே நீளத்தில் ஓடாது. ஒரு நடிகர் இன்று மூன்று நொடி நிறுத்துவார், நாளை ஐந்து நொடி நிறுத்துவார். அதனால் மேடை இசையில் ‘வேம்ப்’ என்ற உத்தி உண்டு: இரண்டு அல்லது நான்கு பார் (தாளத்தின் ஒரு சுற்று) கொண்ட ஒரு துண்டை, நடிகர் அடுத்த வசனத்தை எடுக்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள். எத்தனையாவது சுற்றில் வெளியேறினாலும் அடுத்த பகுதி இயல்பாகப் பொருந்தும்படி எழுத வேண்டும். பொருந்தாவிட்டால் அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் அந்தத் தையல் தெரிந்துவிடும். இதையெல்லாம்விட முக்கியமானது நடிகரின் மூச்சு. ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றைப் பேசுபவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது தெரிந்தால்தான் இசை எங்கே உள்ளே நுழையலாம் என்பதும் தெரியும்.

இந்தப் பயிற்சியோடு வந்தவருக்கு முதல் முழுநீளப் படமே ‘ஹென்றி ஃபிஃப்த்’. அப்போது வயது 36. அதே நாடகத்தை 1944இல் லாரன்ஸ் ஒலிவியர் படமாக எடுத்தபோது இசை அமைத்தவர் வில்லியம் வால்டன். பிரிட்டிஷ் திரையிசையில் அது ஓர் உச்சம் என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. முதல் படத்திலேயே அந்த ஒப்பீட்டைத் தாங்கியாக வேண்டும். பர்மிங்ஹாம் நகர சிம்பொனி வாத்தியக்குழு வாசிக்க, சைமன் ராட்டில் நடத்திக்கொடுத்தார்.

‘நான் நோபிஸ்’ பாட்டு வெளியிலிருந்து ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. நாடகத்தின் நான்காம் அங்கத்தின் இறுதியில் மன்னனே, ‘நான் நோபிஸ் பாடப்படட்டும், தெ தேயும் பாடப்படட்டும்’ என்று ஆணையிடுகிறான். இரண்டும் லத்தீன் துதிப்பாடல்கள். ‘நான் நோபிஸ்’ சொற்கள் விவிலியத்தின் 115ஆம் சங்கீதத்தின் லத்தீன் தொடக்கம். எங்களுக்கு அல்ல ஆண்டவரே, உமது பெயருக்கே மகிமை என்பது பொருள். ஷேக்ஸ்பியர் ஒரே வரியில் கடந்துபோன இடத்தை டாயில் படத்தின் உச்சமாக மாற்றினார். மெட்டு மாறுவதில்லை, திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆள் கூடுகிறது, கனம் கூடுகிறது. பக்கம் பக்கமாகப் புதிய மெட்டுகளை எழுதுவதைவிட இது கடினமான வேலை. முதல் சுற்றிலேயே கையிருப்பைக் கொட்டிவிட்டால் நான்காம் சுற்றில் கொடுக்க எதுவும் மிஞ்சாது. இந்தப் பாட்டு அவருக்குப் பிரிட்டனின் இசைப் படைப்பாளிகளுக்கான ஐவர் நோவெல்லோ விருதைப் பெற்றுத்தந்தது.

இப்படி ஒரு காட்சியைப் படமாக்குவதில் உள்ள தொழில்நுட்பச் சிக்கலைக் கவனிக்க வேண்டும். திரையில் தெரியும் ஒருவர் பாடத் தொடங்கி, பிறகு திரைக்கு வெளியே இருக்கும் வாத்தியக்குழு அவரோடு சேர வேண்டுமென்றால் சுருதியும் காலப்பிரமாணமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் துணையில்லாமல் பாடினால் நான்கு நிமிடத்தில் குரல் மெல்லக் கீழே இறங்கும். கால் ஸ்வரம் இறங்கினாலே போதும், வாத்தியக்குழு சேரும் இடத்தில் அபஸ்வரம் அப்பட்டமாகக் கேட்கும். அதைத் தவிர்க்க வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. பாட்டை முன்பே ஒலிப்பதிவு செய்து தளத்தில் ஓடவிட்டு அதற்கு வாயசைப்பது ஒன்று. காதுக்குள் மறையும் சிறு இயர்ஃபோன் வழியாக நடிகருக்குச் சுருதியும் தாளமும் மட்டும் கொடுத்துவிட்டு நேரடியாகப் பாடவைப்பது மற்றது. முதல் வழியில் குரல் சுத்தமாக இருக்கும். ஆனால் ஸ்டூடியோவில் நின்று பாடியவரின் மூச்சும் சேற்றில் நடப்பவரின் மூச்சும் வேறுவேறு என்பது காட்டிக்கொடுக்கும். இரண்டாவதில் உயிர் இருக்கும், கூடவே காற்றும் காலடிச் சத்தமும் வந்து சேரும். எந்த வழியானாலும் இசையமைப்பாளர் படப்பிடிப்புக்கு முன்பே வேலையில் இறங்கியிருக்க வேண்டும்.

இதனால் அதிகாரமும் இடம் மாறுகிறது. வழக்கமான பின்னணி இசையில் படத்தொகுப்பு முடிந்தபின் இசை வருகிறது. தொகுப்பாளர் வைத்த வெட்டுகளுக்குள் இசை அடங்க வேண்டும். பாட்டு முதலில் வந்துவிட்டால் தொகுப்பாளர் இசைக்கு அடங்குகிறார். வாத்திய இசையில் ஒரு பாரை உருவலாம். பாட்டில் ஒரு சொல்லை உருவ முடியாது. தமிழ்ப் பட ரசிகர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, நம் பாடல் காட்சிகள் முழுவதும் இந்த ஒழுங்கில்தான் உருவாகின்றன. ஹாலிவுட்டிலும் பிரிட்டனிலும், நடனப்படம் அல்லாத கதைப் படத்துக்கு இது அரிதான சலுகை. டாயிலுக்கு அது மீண்டும் மீண்டும் கிடைத்தது.

1993இல் வந்த ‘மச் அடூ அபவுட் நத்திங்’ இதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்திய படம். இத்தாலியின் டஸ்கனியில் எடுக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் மூல நாடகத்தில் பால்தசார் என்ற பாடகன் பாடும் ‘சை நோ மோர்’ பாட்டின் வரிகளை எம்மா தாம்சன் படத்தின் தொடக்கத்திலேயே கவிதையாக வாசிக்கிறார். நடுவில் பால்தசார் அதைப் பாடுகிறான். அந்த வேடத்திலும் டாயிலே நடித்தார். முடிவில் எல்லோரும் கைகோத்து ஆடும் நீண்ட ஷாட்டில் அதே பாட்டு கூட்டுக்குரலாகிறது. பேச்சாகக் கேட்டது தனிப்பாட்டாகி, பிறகு ஊரின் பாட்டாகிறது. சொற்கள் மூன்று முறையும் ஒன்றே. என் கணிப்பில் அவருடைய படங்களில் அமைப்பு மிகச் சுத்தமாக வந்தது இதுதான். ஒரு மெட்டு மூன்று இடத்தில் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால் கதையே பதில் சொல்லும்.

1995இல் ஆங் லீ இயக்கிய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் மரியானாக நடிக்கும் கேட் வின்ஸ்லெட் பியானோவில் அமர்ந்து பாடுகிறார். ‘வீப் யூ நோ மோர் சாட் ஃபவுண்டன்ஸ்’ என்ற அந்தப் பாட்டின் வரிகள் பழையவை. ஜான் டவ்லாண்ட் 1603இல் மெட்டமைத்து வெளியிட்டவை. டாயில் அதே வரிகளுக்குப் புதிய மெட்டு எழுதினார். படத்தின் இறுதியில் பெயர்கள் ஓடும்போது பென் ஜான்சனின் கவிதை ஒன்றைச் சோப்ரானோ பாடகி ஜேன் ஈக்லென் பாடுகிறார். படத்தின் பின்னணி இசை மிக அடக்கமானது. கதையில் யாரும் உணர்ச்சியை வாய்விட்டுச் சொல்வதில்லை. இசை அதைப் போட்டு உடைத்துவிட்டால் கதைக்கு வேலை இல்லாமல் போய்விடும். மரியான் பாடும்போது மட்டும் கதவு திறக்கிறது. ஆஸ்கர், பாஃப்டா, கோல்டன் குளோப் மூன்றிலும் இந்தப் படத்துக்காக அவர் பரிந்துரைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, நாடகத்தின் வரிகளை முழுமையாக வைத்து நான்கு மணி நேரம் ஓடிய ‘ஹாம்லெட்’டுக்கு இன்னொரு ஆஸ்கர் பரிந்துரை. இரண்டு முறையும் விருது வேறு கைக்குப் போனது: முதலில் லூயிஸ் பக்கலோவ், அடுத்து கேப்ரியேல் யாரெட்.

பாட்டு இல்லாத இடங்களில் அவருடைய அன்றாட வேலை என்ன? கோடம்பாக்கத்தில் ‘ரீரெக்கார்டிங்’ என்றால் பின்னணி இசை சேர்ப்பது. லண்டனில் அதே சொல், வசனம், இசை, ஓசைகள் மூன்றையும் கலக்கும் கடைசிக் கட்டத்தைக் குறிக்கும். பின்னணி இசையின் தொடக்கம் ‘ஸ்பாட்டிங்’. இயக்குநர், இசையமைப்பாளர், இசைத் தொகுப்பாளர் மூவரும் உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த ஃப்ரேமில் இசை தொடங்கும், எங்கே முடியும், ஏன் என்று முடிவு செய்வார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்: முதல் ரீலின் முதல் இசைத்துண்டு 1எம்1, மூன்றாம் ரீலின் நான்காம் துண்டு 3எம்4. ஃபிலிம் காலத்தில் 2,000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். ஃபிலிம் போனாலும் இந்த எண்முறை நீடிக்கிறது.

அடுத்தது கணக்கு. படம் நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால் நிமிடத்துக்கு 1,440. அதைக் காலப்பிரமாணத்தால் வகுத்தால் ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை ஃப்ரேம் என்பது வந்துவிடும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்றால் 12 ஃப்ரேம், 96 என்றால் 15, 80 என்றால் 18, 60 என்றால் 24. கதவு சாத்தப்படும் ஃப்ரேமில் ஓர் அடி விழ வேண்டுமென்றால் அந்த ஃப்ரேம் எத்தனையாவது எண்ணிக்கையில் வருகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் வேகத்தைச் சற்று ஏற்றியோ இறக்கியோ பொருத்துவார்கள். ஒலிப்பதிவின்போது இந்தத் தாள எண்ணிக்கை கிளிக் ஒலியாக வாத்தியக்காரர்களின் ஹெட்ஃபோனில் போகும். இசை இளகி நெகிழ வேண்டிய இடங்களில் கிளிக்கை நிறுத்திவிடுவார்கள். அப்போது கண்டக்டரின் முன் உள்ள திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடும்; வழக்கமாக இரண்டு நொடி, அதாவது 48 ஃப்ரேம். கோடு ஓரத்தைத் தொட்டதும் ஒளி ஒன்று மின்னும், அங்கே அடி விழ வேண்டும். பேச்சின் மூச்சோடு போக வேண்டிய இசைக்கு இந்த முறையே பொருந்தும். கிளிக்கைக் கேட்டுக்கொண்டு வாசிக்கும்போது கூட்டமாக எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட முடியாது.

வசனத்துக்கு அடியில் இசை வைப்பதில்தான் அனுபவமில்லாதவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஆணின் பேச்சுக்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். மெய்யெழுத்துகளின் தெளிவு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. செல்லோக்கள் அடிச்சுருதியின் மேலேயே நடந்தால் குரல் சேறாகிவிடும். ஓபோ என்ற குழல்வாத்தியமோ, நடுஸ்தாயி வயலின்களின் சுறுசுறுப்பான மெட்டோ மெய்யெழுத்துகளைத் தின்றுவிடும். கலக்கும் மேசையில் இருப்பவர் அப்போது இசையைத்தான் குறைப்பார், வசனத்தைக் குறைக்க மாட்டார். எழுதியதில் பாதி கேட்காமலே போய்விடும். தப்பிக்கும் வழி எளிது: அடியில் நீண்டு நிற்கும் ஸ்வரங்கள், மேலே மெல்லிய தந்திகள், நடுவை வசனத்துக்கு விட்டுவிடுவது, அசைவுகளை நடிகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் வைப்பது. ‘ஹென்றி ஃபிஃப்த்’தின் புனித கிறிஸ்பின் நாள் உரையைக் கேட்டால் இது பிடிபடும். பேச்சு ஏறும்போது இசை அடியிலிருந்து தாங்கிக்கொண்டே வருகிறது. கூட்டத்தின் ஆரவாரத்துக்குப் பிறகே தன் முழுக் குரலையும் எடுக்கிறது.

எல்லாம் எழுதி முடித்தபின் படத்தொகுப்பு மாறுவது இந்தத் தொழிலின் நிரந்தரத் தொல்லை. 80 வேகத்தில் எழுதிய துண்டின் நடுவில் தொகுப்பாளர் சரியாக 3 நொடி எடுத்துவிட்டால் பிழைத்தோம். 72 ஃப்ரேம், அதாவது 4 எண்ணிக்கை, நான்கு எண்ணிக்கைப் பார் ஒன்றை உருவிவிடலாம். 2 நொடி 6 ஃப்ரேம் எடுத்தால் 54 ஃப்ரேம், 3 எண்ணிக்கை. அப்போது அடுத்தடுத்த மூன்று பார்களில் ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணிக்கையைக் கழித்து மும்மூன்றாக்கலாம். கேட்பவருக்கு நடை சற்று அவசரப்பட்டது போலத் தோன்றும், அவ்வளவுதான். ஒரே பாரில் மூன்றையும் வெட்டினால் நொண்டுவது தெரிந்துவிடும்.

ஒரு மணி நேர இசையை ஆறு வாரத்தில், வாரத்துக்கு ஆறு நாள் உழைத்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1 நிமிடம் 40 நொடி முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அடுத்த நாளின் கணக்கு இரட்டிப்பாகும். அதனால்தான் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் உண்டு. இசையமைப்பாளர் ஆறேழு வரிகளில் மெட்டு, துணைஸ்வரங்கள், எந்த வாத்தியம் என்ற குறிப்புகள் எல்லாவற்றையும் எழுதித் தருவார். அதை முப்பது வரிகள் கொண்ட முழுத்தாளாக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து எழுதுவது ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் வேலை. டாயிலின் தொடக்க ஆண்டுகளில் இதைச் செய்தவர் லாரன்ஸ் ஆஷ்மோர். பின்னாளில் கண்டக்டராகவும் ஆர்க்கெஸ்ட்ரேட்டராகவும் கூடவே நின்றவர் ஜேம்ஸ் ஷியர்மன். டாயிலின் ஒலியில் ஒரு தொடர்ச்சி கேட்கிறது என்றால் இவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அவருடைய வாய்ப்புகள் இயக்குநர்கள் வழியாகவே வந்தன. பிரானாவை எல்லோரும் அறிவார்கள். பிரெஞ்சு இயக்குநர் ரெஜி வார்ன்யேவுடன் 1992இன் ‘இந்தோஷின்’ தொடங்கிப் பல படங்கள். அல்போன்சோ குவாரோனுடன் ‘எ லிட்டில் பிரின்சஸ்’, ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. பிரையன் டி பால்மாவுக்கு ‘கார்லிட்டோஸ் வே’. மைக் நியூவெல்லுக்கு ‘இன்டு தி வெஸ்ட்’, ‘டோனி பிராஸ்கோ’. 1997இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ‘குவெஸ்ட் ஃபார் கேமலாட்’ அனிமேஷன் படத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். நோயிலிருந்து மீண்டு ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி’, ‘காஸ்ஃபோர்ட் பார்க்’ என்று வேலைக்குத் திரும்பினார்.

நியூவெல்லுடனான பழைய பழக்கம் 2005இல் பெரிய சோதனையாக வந்தது. ஹாரி பாட்டர் வரிசையின் முதல் மூன்று படங்களுக்கு இசை ஜான் வில்லியம்ஸ். நான்காவதான ‘காப்லெட் ஆஃப் ஃபயர்’ டாயிலிடம் வந்தது. அந்த வரிசையின் முத்திரை இசையான வில்லியம்ஸின் ஹெட்விக் மெட்டு அதற்குள் உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் மனப்பாடம். அதைத் தூக்கி எறியவும் முடியாது, அதையே வைத்து ஓட்டினால் தன் கைக்கு வேலையும் இல்லை. டாயில் அதை அடையாளமாக அளவோடு வைத்துக்கொண்டு, மற்றதைத் தன் மொழியில் எழுதினார். கதையில் நடனவிருந்து ஒன்று வருவது அவருக்கு வசதியாயிற்று. வால்ட்ஸ்கள் எழுதினார், பள்ளிக்கு ஒரு கீதமும் எழுதினார். கதைமாந்தர்களே கேட்கும் இசையை எழுதும்போது அவர் கை இயல்பாக ஓடுகிறது என்பதற்கு இது இன்னொரு சான்று. லண்டன் சிம்பொனி வாத்தியக்குழு வாசித்தது.

2011இல் ‘தோர்’, அதே ஆண்டில் ‘ரைஸ் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்’. இந்தக் காலப் பெரும்படங்களில் தந்திகள் ஒரே துடிப்பை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும் பாணி ஊறிவிட்டது. படத்தொகுப்பின்போது ஏற்கெனவே உள்ள இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் டெம்ப் டிராக். வாரக்கணக்கில் அதையே கேட்டுப் பழகிய இயக்குநருக்குப் புதிதாக எது வந்தாலும் அந்நியமாகத் தோன்றும். டெம்ப்பைப் போலவே இருக்க வேண்டும் என்ற அழுத்தத்தில்தான் பல படங்களின் இசை ஒன்றுபோல் ஒலிக்கிறது. ‘தோர்’ இசையில் டாயில் அந்தப் பாணிக்குக் கொஞ்சம் இடம்கொடுத்திருப்பது கேட்கிறது. அவருடைய பலமான வேலைகளில் அதை நான் சேர்க்க மாட்டேன்.

2012இல் பிக்ஸார் எடுத்த ‘பிரேவ்’ வேறு கதை. பழைய ஸ்காட்லாந்தில் நடக்கும் கதை, சொந்த மண்ணின் இசை. பேக்பைப், தனி ஃபிடில், கெல்டிக் ஹார்ப், புல்லாங்குழல், போரான் என்ற கைத்தோற்பறை ஆகியவற்றைச் சிம்பொனி வாத்தியக்குழுவோடு சேர்த்தார். ரீல், ஜிக், ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்டிஷ் நடனத் தாளங்களையும் எடுத்துக்கொண்டார். ஸ்ட்ராத்ஸ்பேயின் உயிர் ஒரு குறிலும் உடனே ஒரு நெடிலும். ‘நிலா’, ‘பலா’ என்ற சொற்களில் முதல் எழுத்தில் அழுத்தம் வைத்துச் சொல்லிப் பார்த்தால் அந்தச் சொடுக்கு நாக்கில் வரும்.

பேக்பைப்பை வாத்தியக்குழுவோடு சேர்ப்பது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஸ்காட்லாந்தின் பேக்பைப்பான ஹைலாண்ட் பைப்பின் வாசிக்கும் குழலில் மொத்தம் ஒன்பது ஸ்வரங்கள்தான். ஸட்ஜத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒரு ஸ்தாயி. நம் கணக்கில் அது ஹரிகாம்போதி மேளத்துக்கு நெருங்கியது. தோளில் சாயும் மூன்று குழல்கள், நாகசுரத்துக்கு ஒத்து போல, விடாமல் சுருதி பிடிக்கும். அதனால் ராகத்தின் ஆதாரத்தை மாற்றவே முடியாது. மேற்கத்திய ஹார்மனி வேறு சுருதிக்கு நகர்ந்தால் ஒத்துக்குழல் அங்கேயே நின்று முரண்டுபிடிக்கும். காற்றுப்பை இடைவிடாமல் ஊதுவதால் ஓசையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் மௌனமும் இல்லை. அதே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மின்னல் ஸ்வரத்தை நுழைத்தே பிரிக்க முடியும். இதற்கெல்லாம் மேலே சுருதிச் சிக்கல்: தாளில் ‘ஏ’ என்று எழுதுவது உண்மையில் பி ஃபிளாட்டுக்கும் சற்று மேலே, இன்றைய பைப்புகளில் 480 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். 440இல் சுருதி கூட்டிய வாத்தியக்குழுவின் பி ஃபிளாட் 466. இரண்டையும் ஒன்றாக உட்காரவைத்தால் காது கூசும். அதனால் தாழ்ந்த சுருதியில் செய்த குழலைப் பயன்படுத்துவார்கள், அல்லது பைப்பைத் தனி அறையில் பதிவு செய்து சுருதியைத் திருத்துவார்கள். பல படங்களில் இந்தத் தொல்லையே வேண்டாமென்று அயர்லாந்தின் இல்லன் பைப்பை வைத்துவிடுவது உண்டு. அது துருத்தியால் இயங்குவது, இரண்டு ஸ்தாயி போவது, குரலும் மென்மையானது. ஸ்காட்லாந்துக் கதையான ‘பிரேவ்ஹார்ட்’டில் ஒலிப்பதும் அந்த ஐரிஷ் பைப்தான்.

‘பிரேவ்’ படத்திலும் என் மனதில் முதலில் நிற்பது ஒரு தாலாட்டு. இடி மின்னல் இரவில் தாய் தன் சிறுமகளை அணைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பாடுவது. தாயாகக் குரல் கொடுத்த எம்மா தாம்சனும் சிறுமியாகக் குரல் கொடுத்த பெய்கி பார்க்கரும் பாடினார்கள். கேலிக் வரிகளை எழுதியவர் டாயிலின் மகன் பேட்ரிக் நீல் டாயில். வாத்தியக்குழுவுக்கு அந்த இடத்தில் பெரிதாக வேலையில்லை.

ஸ்காட்லாந்திலிருந்து திரையிசைக்கு வந்த எல்லோரும் இந்த வழியில் வந்தவர்கள் அல்லர். கிளாஸ்கோவின் கிரெய்க் ஆம்ஸ்ட்ராங் லண்டன் ராயல் அகாடமியில் படித்து, மாஸிவ் அட்டாக் இசைக்குழுவுக்குத் தந்திகள் எழுதி, அங்கிருந்து ‘ரோமியோ + ஜூலியட்’, ‘மூலான் ரூஜ்’ படங்களுக்கு வந்தார். இன்வர்னஸில் பிறந்த லோர்ன் பால்ஃப், ஹான்ஸ் ஸிம்மரின் ஸ்டூடியோவில் வளர்ந்து ‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’ வரை போனார். ஒருவருக்குப் பதிவு ஸ்டூடியோ, இன்னொருவருக்குக் கணினியும் கூட்டுப்பணியும், டாயிலுக்கு மேடை. அவரவர் தாளில் அது தெரிகிறது.

வருமானம் பற்றி ஒரு குறிப்பு, ஏனெனில் இத்தகைய தொழில்வாழ்வு எதில் நிற்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒப்பந்தத் தொகை ஒருமுறைதான். அதன்பின் ‘க்யூ ஷீட்’ என்ற பட்டியல் பேசும்: எந்தத் துண்டு, எத்தனை நிமிடம் எத்தனை நொடி, யார் எழுதியது, திரையில் யாராவது பாடுகிறார்களா அல்லது பின்னணியா. தொலைக்காட்சியில் படம் ஓடும்போது அந்தப் பட்டியலை வைத்தே ராயல்டி பிரிக்கப்படும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் திரையரங்க வசூலிலிருந்தும் சிறு பங்கு உண்டு. அமெரிக்கத் திரையரங்குகளில் கிடையாது. 1948இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அதை நிறுத்திவிட்டது. பட்டியலில் ஒரு துண்டு விடுபட்டால் அந்தப் பணம் வராமலே போகும்.

படத்துக்கு வெளியே அவர் எழுதியவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1990இல், அன்று வேல்ஸ் இளவரசராக இருந்த சார்ல்ஸ் தம் பாட்டியின் 90ஆம் பிறந்தநாளுக்காகக் கேட்டுக்கொள்ள, ‘தி திசில் அண்ட் தி ரோஸ்’ என்ற பாடல் தொகுதியை எழுதினார். 33 ஆண்டு கழித்து, 2023 மே 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அதே சார்ல்ஸுக்கு முடிசூட்டு விழா நடந்தபோது, அதற்காகப் புதிதாக எழுதப்பட்ட 12 படைப்புகளில் டாயிலின் அணிநடை இசையும் ஒன்று.

பிரானாவுடனான கூட்டு பின்னாளிலும் தொடர்ந்தது. 2015இன் ‘சிண்ட்ரெல்லா’வில் ‘லேவண்டர்ஸ் ப்ளூ’ என்ற பழைய ஆங்கிலக் குழந்தைப் பாட்டைக் கதைநாயகி பாடுவது இளவரசன் காதில் விழ, அவள் இருக்குமிடம் தெரியவருகிறது. கதை திரும்புவது குரலில்தான். 2017இல் ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ முடிந்து பெயர்கள் ஓடும்போது ‘நெவர் ஃபர்கெட்’ என்றொரு பாட்டு வருகிறது. பாடுபவர் படத்தில் நடித்த மிஷெல் ஃபைஃபர். மெட்டு டாயில், வரிகள் கென்னத் பிரானா.